நெல் கூண்டுப்புழு: தண்ணீரில் பிழைக்கும் புழுவைத் தண்ணீரை வைத்தே அடக்கும் முறை

சம்பா நடவு முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் பயிரின் நுனி திட்டுத் திட்டாக வெளுத்துத் தெரிகிறதா? கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, புவனகிரிப் பக்கத்துத் தாழ்வான வயல்களிலும், புதுச்சேரியில் பாகூர்ப் பகுதியிலும் இது புதிதல்ல. இலையைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் இலைத் துண்டுகள் குழாயாகச் சுருண்டு தண்ணீர் மேல் மிதந்தால் வந்திருப்பது கூண்டுப்புழு.

மருந்துக் கடைக்குக் கிளம்பத் தேவையில்லை. இந்தப் புழுவுக்குத் தண்ணீர் இல்லாமல் பிழைப்பு கிடையாது, வயலில் தண்ணீரை நிறுத்துவதும் வடிப்பதும் நம் கையில் இருக்கிறது. அதை எப்போது, எப்படிச் செய்தால் பலிக்கும் என்பதற்குப் புழுவின் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முட்டை முதல் அந்து வரை

இதன் தாய்ப்பூச்சி சிறிய வெள்ளை அந்து. உடம்பு அரை சென்டிமீட்டர்தான் இருக்கும். வெள்ளைச் சிறகில் வெளிர்பழுப்பும் கறுப்புமாகப் புள்ளிகள். பாராபாய்ங்ஸ் ஸ்டாக்னாலிஸ் என்பது அறிவியல் பெயர். பழைய வேளாண் கையேடுகளில் நிம்ஃபுலா டிபங்டாலிஸ் என்று இருந்தால் அதுவும் இதே பூச்சிதான். பகலில் பயிருக்குள் ஒளிந்திருக்கும். வயலில் நடந்தால் குட்டையாகப் பறந்து பக்கத்துக் குத்தில் (ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்தில்) உட்காரும். இரவில் விளக்குக்கு வரும்.

முட்டையை எங்கே இடுகிறது என்பதுதான் முக்கியம். தண்ணீரில் படிந்து மிதக்கும் இலைகளின் அடிப்பக்கத்தில் இடுகிறது. வெளிர்மஞ்சளாக, தட்டையாக, அரை மில்லிமீட்டர் குறுக்களவில் இருக்கும். பொரிக்கும் நேரம் நெருங்கினால் நிறம் கூடி, ஊதா நிறத்தில் இரண்டு புள்ளிகள் தெரியும். ஏறக்குறைய 4 நாளில் பொரிக்கும். நட்ட நாற்று துவண்டு, ஆழமான தண்ணீரில் இலை பரப்பிக் கிடக்கும் வயல் இந்த அந்துக்குப் பாய் விரித்து வைத்த மாதிரி. நடவு முடிந்த கையோடு அரை அடித் தண்ணீர் கட்டும் பழக்கம் உள்ள இடங்களில் கூண்டுப்புழு அதிகம் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

பொரித்ததும் புழு 1.2 மில்லிமீட்டர்தான். இளம் இலையின் பச்சையைச் சுரண்டித் தின்னும். சற்று வளர்ந்ததும் கூண்டு கட்டத் தொடங்கும். இலை நுனிக்குக் கீழே ஒரு பக்கத்திலிருந்து குறுக்கே கடிக்கும். கடித்த இலை வாடி நீளவாக்கில் சுருளும்போது ஓரங்களை நூல் விட்டு இழுத்துத் தைத்துக்கொள்ளும். பிறகு மிச்சத்தையும் கடித்துத் துண்டித்து, குழாயோடு தண்ணீரில் விழும். வளர வளரப் பழைய கூண்டு பற்றாது. அதைக் கைவிட்டுப் புதிதாக வெட்டிக்கொள்ளும். எனவே மிதக்கும் கூண்டுகளில் பல வெறுங்கூண்டுகளாக இருக்கும். கூண்டின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பயப்படக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

கூண்டைத் திறந்தால் உள்ளே கண்ணாடி போன்ற வெளிர்பச்சைப் புழு. தலை மட்டும் இளம் ஆரஞ்சு கலந்த பழுப்பு. உடம்பின் இரு பக்கமும் கிளை விட்ட மெல்லிய இழைகள் வரிசையாக இருக்கும். அவைதான் செவுள். அந்துக்களின் புழுக்களில் செவுள் உள்ளவை மிகக் குறைவு. கூண்டுக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் வைத்துக்கொண்டு அதிலிருந்துதான் மூச்சு விடுகிறது. மேலே ஏறி இலையைச் சுரண்டும்போதும் அந்தத் தண்ணீரைச் சுமந்துகொண்டே ஏறும். பார்க்க விரும்புபவர்கள் வெள்ளைத் தட்டில் ஒரு விரற்கடைத் தண்ணீர் ஊற்றி, புதுக் கூண்டு ஒன்றைப் போட்டு, நுனியை ஊசியால் மெல்லக் கிழித்தால் போதும். பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியில் செவுள் அசைவது தெரியும்.

புழுப்பருவம் இரண்டு முதல் மூன்று வாரம். பிறகு கூண்டைத் தூரின் தண்டில் ஒட்டி வைத்து, இரு வாயையும் நூலால் அடைத்து, உள்ளேயே கூட்டுப்புழுவாக மாறும். ஐந்தரை மில்லிமீட்டர் நீளத்தில் பாலேடு நிறத்தில் இருந்து, முற்றும்போது வெள்ளி போல வெளுக்கும். ஒரு வாரத்துக்குள் அந்து வெளிவரும். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஒரு மாதக் கணக்கு.

இது கூண்டுப்புழுதானா?

மூன்று அடையாளமும் சேர்ந்து இருக்க வேண்டும். இலை நுனி கத்தரியால் வெட்டியது மாதிரி நேர்க்கோட்டில் போயிருக்கும். மீதி இலையில் பச்சை சுரண்டப்பட்டு, மேல்தோல் மட்டும் வெள்ளைக் காகிதமாக நிற்கும், அதில் குறுக்குக் கோடுகள் விடாமல் தெரியும். தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டிச் சுரண்டுவதால் விழும் கோடுகள் அவை. மூன்றாவது, மிதக்கும் கூண்டு.

இலைச்சுருட்டுப் புழுவோடு குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். அது இலையை வெட்டாது. பயிரில் இருக்கும் இலையையே நீளவாக்கில் மடித்துத் தைத்து உள்ளே இருந்து தின்னும், வெள்ளைக் கோடுகள் நீளவாக்கில் ஓடும். முள்வண்டும் நீளவாக்கில் இணைகோடுகளாகச் சுரண்டும், ஆனால் கறுப்பு வண்டு கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும். குருத்து ஈ தாக்கிய இலையில் ஓரம்தான் வெளுத்துச் சுருங்கும். இந்த மூன்றுக்கும் தண்ணீரை வடிப்பது வைத்தியம் ஆகாது. அடையாளம் தப்பினால் மூன்று நாள் தண்ணீரும் போய், பூச்சியும் மிஞ்சும்.

எங்கே, எத்தனை எண்ணுவது

கூண்டு மிதப்பதால் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அங்கே போய்ச் சேரும். வடகிழக்குப் பருவக்காற்று பிடித்த பிறகு, ஐப்பசி கார்த்திகையில், வயலின் தென்மேற்கு மூலையில் முதலில் தேடுங்கள். அதற்கு முன் ஆவணி புரட்டாசியில் மேல்காற்று அடிக்கும் நாட்களில் கிழக்கு வரப்போரம். வடிமடை இருக்கும் பக்கத்தையும் விடக்கூடாது.

முடிவெடுக்க அந்த மூலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. அங்கே எப்போதும் மோசமாகத்தான் தெரியும். வயலின் குறுக்காக நடந்து 20 குத்துகளைப் பாருங்கள். சராசரியாகக் குத்துக்கு இரண்டு இலைக்கு மேல் புதிதாக வெட்டுப்பட்டிருந்தால் நடவடிக்கை தேவை. புதிது என்றால் வெட்டிய ஓரம் இன்னும் பச்சையாக இருப்பது. காய்ந்து பழுப்பேறிய வெட்டு போன வாரக் கதை.

பயிரின் வயதும் பார்க்க வேண்டும். நட்ட முதல் மாதத்தில்தான் இதன் ஆட்டம். தூர் கட்டி முடிந்த பயிர் தானே இலை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். தாக்குதல் கடுமையாக இருந்த வயலில்கூட அறுவடை ஒரு வாரம், பத்து நாள் தள்ளிப்போவதுதான் பெரும்பாலும் மிஞ்சும். 155 நாளுக்கு மேல் ஓடும் சிஆர் 1009 மாதிரி நீண்டகால ரகத்தில் தேறுவதற்கு அவகாசம் நிறைய. நட்டு 45 நாள் தாண்டிய வயலில் நுனி வெட்டைப் பார்த்துச் செலவு செய்வது வீண்.

கயிறு இழுத்துத் தண்ணீர் வடிப்பது

இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் முழுப் பலன். முதலில் கயிறு, பிறகு மடை. முறை மாறினால் உதிர்ந்த கூண்டு சேற்றில் ஒட்டிக்கொண்டு, திரும்பத் தண்ணீர் கட்டியதும் மிதந்து எழும்.

1. நாற்று பச்சை பிடித்திருக்க வேண்டும். நட்டுப் பத்து நாளுக்குள் கயிறு இழுத்தால் கூண்டோடு நாற்றும் வரும்.

2. வயலில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கட்டும். குறைவாக இருந்தால் மேலும் பாய்ச்சிக்கொள்ளுங்கள். விழும் கூண்டு மிதந்தால்தான் வடிமடைக்கு வரும்.

3. கட்டைவிரல் பருமனில் தென்னங்கயிறு. நன்றாகத் தண்ணீரில் ஊறியிருக்க வேண்டும். காய்ந்த கயிறும் நைலான் கயிறும் எடையில்லாமல் இலை மேல் வழுக்கிப் போகும், கூண்டு உதிராது.

4. எதிரெதிர் வரப்பில் ஆளுக்கொருவராகப் பிடித்து, கயிறு பயிரின் மேல் பாதியில் உரசும்படி இழுத்துச் செல்லுங்கள். வயல் 15 மீட்டருக்கு மேல் அகலமாக இருந்தால் நடுவில் கயிறு தொய்ந்து தூரை அழுத்தும். அப்போது நடுவில் ஒருவர் இறங்கித் தூக்கிப் பிடிக்க வேண்டும், அல்லது பட்டம் பட்டமாகப் பிரித்து இழுக்க வேண்டும்.

5. காற்று போகும் திசையில், வடிமடையை நோக்கி ஒரு முறை. திரும்ப எதிர்த்திசையில் ஒரு முறை.

6. வடிமடையில் கொசுவலையை இரண்டு மடிப்பாக, பை மாதிரி தொங்கவிட்டுக் குச்சி நட்டுக் கட்டிய பிறகே மடையைத் திறங்கள். விரிப்பாகக் கட்டினால் பாசி அடைத்து, தண்ணீர் வலைக்கு மேலே வழியும். பாசி மிகுந்த வயலில் ஒருவர் நின்று வலையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

7. வலையில் சேர்ந்ததை வரப்பில் கொட்டாதீர்கள். தூக்கிக் கொண்டுபோய்க் கோழிக்கு, வாத்துக்குப் போடலாம், அல்லது மேட்டில் வெயிலில் பரப்பலாம். செவுளால் மூச்சு விடுவது காய்ந்தால் பிழைக்காது.

வலையை விட்டுவிட்டு மடையை மட்டும் திறந்துவிடுவதுதான் இந்தப் பக்கத்தில் அதிகம் நடக்கும் தப்பு. வயல் விட்டு வயல் பாயும் பாசனத்தில் உங்கள் கூண்டுகள் அத்தனையும் கீழ்வயலுக்குப் போகும். அடுத்த வாரம் அங்கிருந்து அந்து எழுந்து திரும்ப மேல்வயலுக்கே வரும். முடிந்தால் ஒரே வாய்க்காலில் இருக்கும் ஐந்தாறு பேர் மேலிருந்து கீழாக அடுத்தடுத்த நாளில் செய்வது நல்லது.

பனி ஈரம் காயும் முன் கயிறு இழுக்க வேண்டாம். பாக்டீரியா இலைக்கருகல் தெரியும் வயலில் எந்த நேரத்திலும் வேண்டாம். ஈர இலையில் கயிறு உரசினால் நோயை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நாமே பூசிவிட்டதாகிவிடும். ஐப்பசி மழையில் கருகல் நோய் சகஜம் என்பதால் இது வெறும் எச்சரிக்கைக்காகச் சொல்வதில்லை. அப்படிப்பட்ட வயலில் கயிற்றை விட்டுவிட்டு, தண்ணீரை வடிப்பதோடு நின்றுகொள்ளுங்கள்.

மண்ணெண்ணெய் பற்றி: நிற்கும் தண்ணீரில் மண்ணெண்ணெய் கலந்துவிட்டுக் கயிறு இழுப்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பழைய பரிந்துரை. எண்ணெய்ப் படலம் தண்ணீரில் விழுந்த புழுவை மீளவிடாது. ஆனால் அதே படலம் தவளைக்குஞ்சையும் நீர்வண்டையும் விடாது, அவை நமக்கு வேலை செய்பவை. தண்ணீரை வடிக்க வழி இருக்கும் வயலுக்கு மண்ணெண்ணெய் தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து. போட்டாக வேண்டும் என்றால் அந்தத் தண்ணீர் மாடு குடிக்கும் குட்டைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கயிற்றை எண்ணெயில் தோய்த்து இழுப்பவர்கள் சொட்டுவது நின்ற பிறகு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் உச்சி வெயிலில் இலை கருகும்.

மூன்று நாள் காய்ச்சல்

தண்ணீர் வடிந்ததும் மூன்று நாள் வயலை அப்படியே காயவிடுங்கள். மண் மெழுகுப் பதத்தில் இருந்து, மயிரிழை வெடிப்பு தெரியத் தொடங்கும்போது திரும்பப் பாய்ச்ச வேண்டும். பெரிய வெடிப்பு விட்டால் வேர் அறும், பிறகு பாய்ச்சும் தண்ணீரும் நிற்காது.

வடித்தும் புழு சாகவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் தண்ணீர் முழுதாக வடியாததுதான். நடவாட்களின் கால் குழி, பரம்பு சரியாக அடிக்காத பள்ளம், டிராக்டர் சக்கரத் தடம் ஆகிய இடங்களில் நிற்கும் அரை அங்குலத் தண்ணீர் புழுவுக்குப் போதும். பள்ளத்திலிருந்து வடிமடை வரை மண்வெட்டியால் கீறல் வாய்க்கால் இழுத்துவிடுங்கள். வரப்பில் நண்டு வளை இருந்தால் பக்கத்து வயல் தண்ணீர் இரவெல்லாம் கசிந்து வந்துகொண்டே இருக்கும். வடிக்கும் முன் வளைகளைச் சேற்று மண்ணால் மிதித்து அடைக்க வேண்டும்.

மேலுரமாக யூரியா போட நாள் நெருங்கியிருந்தால், வடிக்கும் முன் போடாதீர்கள். தண்ணீரோடு போனது போக, காய்ந்து நனையும் மண்ணிலிருந்து தழைச்சத்து காற்றிலும் போய்விடும். காய்ச்சல் முடிந்து, சீரான மெல்லிய தண்ணீரில் உரத்தைப் போட்டுப் பிறகு மட்டத்தை ஏற்றுங்கள். மூன்று நாள் காய்ச்சலில் களை முளைக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தண்டில் ஒட்டிக்கொண்ட கூட்டுப்புழுவைக் கயிறு உதிர்ப்பதில்லை, காய்ச்சலும் பெரிதாகத் தொடாது. ஆகவே ஒரு வாரம், பத்து நாள் கழித்து இன்னொரு முறை 20 குத்தை எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும்.

வடிக்க முடியாத வயல்

கீழணையிலிருந்தும் வீராணத்திலிருந்தும் தண்ணீர் வரும் கடைமடைப் பகுதியில், மழை பிடித்துக்கொண்டால் வயலும் வாய்க்காலும் ஒரே மட்டமாக நிற்கும். மடையைத் திறந்தால் தண்ணீர் உள்ளே வரும். அந்த வயலில் செய்யக்கூடியது, காற்று ஒதுக்கும் மூலையில் கொசுவலைத் துணியால் கூண்டை அள்ளுவது. கயிறு இழுத்த அரை மணி நேரத்தில் காற்று பெரும்பகுதியை அங்கே ஒதுக்கித் தரும். இரண்டு பேர் வலையின் இரு முனையைப் பிடித்து, மீன் அரிப்பது போல அரித்தெடுக்கலாம். பயிர் நன்றாக வேர் பிடித்திருந்தால் சிறு வாத்துக் கூட்டத்தை இறக்கலாம். மேய்ச்சலுக்கு வரும் பெரிய மந்தையை இளம் பயிரில் விட்டால் புழு போகும், தூரும் போகும்.

கிள்ளை, பரங்கிப்பேட்டை ஓரத்து உவர் நிலங்களுக்குச் சிக்கல் வேறு. மூன்று நாள் காய்ச்சினால் உப்பு மேலேறிப் புழு செய்வதைவிட அதிகக் கேடு செய்யும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் உப்பாக இருந்தால் வடித்த நல்ல தண்ணீர் திரும்பக் கிடைக்காது. அங்கே கயிறும் வலையும் மட்டும். முறைப்பாசனத்தில் இருப்பவர்களும் அடுத்த முறை எந்த நாள் என்று தெரிந்த பிறகே மடையைத் திறக்க வேண்டும்.

அடுத்த போகத்துக்கு முன்

நாற்றங்காலில் கூண்டு மிதக்கிறதா என்று பறிப்பதற்கு முந்தின நாளே பாருங்கள். இருந்தால் அன்றே வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாற்று முடியோடு கூண்டும் நடவு வயலுக்குப் போகும். நாற்று நுனியைக் கிள்ளி நடுவது தண்டுத்துளைப்பானின் முட்டைக்கு நல்லது. கூண்டுப்புழுவின் முட்டை நீர்மட்டத்தில் இருப்பதால் அந்தக் கிள்ளல் இதைத் தடுக்காது.

மிகவும் இளம் நாற்றைவிடக் கொஞ்சம் முற்றிய நாற்றுக்குத் தாக்குதல் குறைவு. இடைவெளி தாராளமாக இருப்பதும் உதவும். நட்ட முதல் வாரம் 2 சென்டிமீட்டர் தண்ணீர் போதும், பிறகு 5. இந்த ஒரு மாற்றத்தால் முட்டையிட இடம் குறையும். திருந்திய நெல் சாகுபடி முறையில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் போகும் வயலில் இந்தப் புழு பெரிய பிரச்சினையாக வருவதில்லை. யூரியாவை ஒரே மூட்டையாகக் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். வரப்பிலும் வாய்க்காலோரத்திலும் தண்ணீரில் சாய்ந்து நிற்கும் புல்லில் இது போகத்துக்கும் போகத்துக்கும் நடுவே பிழைத்திருக்கும், உழவுக்கு முன் அதைச் செதுக்கிவிடுங்கள்.

விளக்குப்பொறி வைப்பது அந்து எப்போது கூடுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான். பொழுது சாய்ந்து மூன்று நான்கு மணி நேரம் எரிந்தால் போதும். விடிய விடிய எரித்தால் நன்மை செய்யும் வண்டுகளும் சேர்ந்து விழும். கூண்டுப்புழுவின் முட்டையை நத்தை தின்னும், நீர்வண்டுகள் புழுவைப் பிடிக்கும், சிலந்தியும் தும்பியும் அந்தைப் பிடிக்கும்.

மருந்து கடைசி வழி. கயிறு, வலை, வடிப்பு எதுவும் முடியாமல், எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போனால் மட்டும். பழைய துண்டறிக்கைகளில் இதற்குக் கார்பரில் அடிக்கச் சொல்லியிருக்கும். அது 2018 ஆகஸ்ட் முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. குருணையாகப் போட்டுவந்த ஃபோரேட்டுக்கும் 2020 டிசம்பர் 31 உடன் முடிவு வந்தது. செயற்கைப் பைரித்திராய்டு வகைகளை இந்தப் பருவத்தில் தொடவே வேண்டாம். சிலந்திகளைக் கொன்று, பின்னால் புகையான் பூச்சியைக் கூட்டி வரும். வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ, விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, புதுச்சேரிக்காரர்கள் குருமாம்பேட் வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஒரு கூண்டையும் வெட்டுப்பட்ட நான்கு இலையையும் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். புட்டியின் லேபிளில் நெல்லும் கூண்டுப்புழுவும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, அதில் போட்ட அளவுக்கு மேல் போகாமல் அடியுங்கள். அடித்த வயலின் மடையைச் சில நாள் திறக்கக் கூடாது, கீழே மீன் இருக்கும் குளத்துக்குப் போகும் வாய்க்காலாக இருந்தால் கண்டிப்பாகக் கூடாது.